மூன்று கட்ட யானை

தனக்கு ஆட வராத ஆட்டத்தின் விதியை மாற்றுகிறவனை நேர்மையானவன் என்று சொல்லலாமா? தையல்காரர் அரையங்குலத்தைப் பழகி அறிந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு சமயம் இந்தக் கேள்வியின் முன்னால் நின்றிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் நின்ற இடத்திலேயே பதிலும் சொல்லிவிட்டார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஒரு படி மேலே போய்க் கூடத்தை இடித்துக் கட்டுகிறார் என்றார்கள். இவ்வளவு சீக்கிரம் பதில் கிடைத்துவிடும் கேள்வியை நம்புவது கடினம்.

அரையங்குலம் என்பது தெரு வைத்த பெயர். ஒரு மாடிப்படிக்குக் கீழே அவர் கடை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் என்பதால் வாடிக்கையாளர்கள் எல்லோரும் வணக்கம் சொல்வது போலவே உள்ளே வருவார்கள். ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, சுவர் நெடுக ஆணிகள், ஆணிக்கு ஒரு பேன்ட். வெளியே பலகையில் ‘ஆல்டரேஷன் மட்டும். புதிது தைக்கப்படாது’ என்று எழுதியிருக்கும். யார் எதைக் கொண்டுவந்தாலும் உடுத்திக் காட்டச் சொல்வார். குண்டூசிகளை உதட்டில் கடித்தபடி ஒரு சுற்று வருவார். பிறகு, “அரை அங்குலம் பிடிச்சா போதும்” என்பார். மூன்று அங்குலம் பிடிக்க வேண்டிய இடத்திலும் அதே பேச்சுதான். இளைத்துப்போனவரிடம் இளைத்துவிட்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வானேன் என்பது அவர் எண்ணம்.

தொழிலில் அவருக்கு ஒரு பாடம் உண்டு. எந்தத் துணியையும் பிடித்துச் சின்னதாக்கலாம். பெரிதாக்க வேண்டுமானால், முதலில் தைத்தவன் உள்ளே கொஞ்சம் துணி விட்டுவைத்திருக்க வேண்டும். விடாமல் போயிருந்தால் ஆண்டவனே வந்து மெஷினில் உட்கார்ந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அவருக்குச் சதுரங்கம் வந்தது மனைவியின் அண்ணன் மூலமாக. மைத்துனர் ரயில் நேர அட்டவணை போடும் அலுவலகத்தில் இருந்தவர். ஒரே தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வராமல் பார்த்துக்கொள்வதே அவர் பிழைப்பு. எந்த வண்டி எங்கே ஒதுங்கி நிற்கும், எது எதற்கு வழி விடும் என்று பத்து நிலையம் தள்ளிப் பார்த்துப் பழகிய கண். அந்தக் கண் அறுபத்து நான்கு கட்டத்தின் மேல் விழுந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவன் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர்; தங்கையைத் தவிர அவருக்கு உறவென்று யாரும் இல்லை. பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி வருவார், சாப்பிடுவார், மாப்பிள்ளையைத் தோற்கடிப்பார், போவார். ஒரு முறைகூட இந்த வரிசை மாறியதில்லை.

அவர் ஓய்வு பெற்றதும்தான் சிக்கல் வந்தது. வேலை இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை தோற்பதற்கு ஒரு ஆள் காத்திருப்பது அவருக்கு இளைப்பாறலாக இருந்தது. இப்போது வாரம் முழுக்க இளைப்பாறல். ஒரு ஞாயிறு, காய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, வண்டி தாமதம் என்று அறிவிப்பது போன்ற குரலில் சொன்னார்.

“மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பஸ் மாறி வந்து, முடிவு தெரிஞ்ச கதையைக் கேட்டுட்டு, ரெண்டு பஸ் மாறிப் போறேன். இனிமே வாராவாரம் வேணாம். வீட்ல ஏதாவது விசேஷம்னா சொல்லி அனுப்புங்க.”

பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் விசேஷம் என்று எதுவும் நடப்பதில்லை என்பது மூன்று பேருக்குமே தெரியும். அன்று மாலை மனைவி ஒரே தலையணை உறையைத் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உறை தேய்ந்துவிடுமோ என்று அரையங்குலம் பக்கத்தில் போனபோதுதான் வாயைத் திறந்தாள்.

“அவருக்கு வேற யாரு இருக்கா? இங்க வர்றதும் நின்னுபோச்சுன்னா அந்த வீட்டுச் சுவத்தோடதான் பேசணும். இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது நீங்க ஜெயிச்சுத் தொலைச்சிருக்கலாம்ல.”

ஜெயிக்கப் பிடிக்காமல்தான் இத்தனை நாள் தோற்றேன் என்று அவள் நினைக்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் அவள் சொன்னதில் இருந்த நியாயம் உறைத்தது. தோற்கக் கற்றுக்கொண்டவர் ஜெயிக்கக் கற்றுக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை பிழைக்கும். இரண்டு வாரம் ஒழிந்த நேரமெல்லாம் சதுரங்கப் பலகையை முறைத்துப் பார்த்தார். தன் மூளையின் தையலைப் பிரித்துப் பார்த்ததில், விட்டுக்கொடுக்க உள்ளே துணியே இல்லை என்ற முடிவுக்கு வந்தார். தன்னைப் பெரிதாக்க வழியில்லை. அப்படியானால் பிடிக்க வேண்டியது ஆட்டத்தை.

இப்படித்தான் ஆரம்பித்தது. புது ஆட்டம் ஒன்று தயார் என்று மைத்துனருக்குச் சொல்லியனுப்பினார். அது என்ன கூத்து என்று பார்க்க மைத்துனர் அந்த ஞாயிறே வந்து இறங்கினார்.

முதலில் கைவைத்தது ராணியின் மேல். எட்டுத் திசையிலும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடுகிறவள், இனி ஒரு கட்டம்தான் நடக்கலாம் என்று ஆக்கினார். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, முழங்கால் வலி ராணி என்று பெயர் வைத்தாள். ராணி வாசலைத் தாண்டுவதற்குள் மைத்துனர் மற்ற காய்களை வைத்து ஆட்டத்தை முடித்துவிட்டார். அடுத்த வாரம் குதிரை. பக்கத்தில் யாராவது நின்றால் தாண்டக் கூடாது என்று விதி. பலகையை அடுக்கிய பிறகுதான் தெரிந்தது, தொடக்கத்திலேயே எல்லாக் குதிரைகளுக்கும் முன்னும் பக்கமும் ஆள் நிற்கிறது. நான்கு குதிரைகளும் பாதி ஆட்டம் வரை தொழுவத்திலேயே நின்றன. அதற்கடுத்த வாரம், சிப்பாய்கள் பின்வாங்கலாம் என்றார். இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் முன்னே போய், எதிரியைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்தார்கள். கடைசி பஸ் போய்விடும் என்று மைத்துனர் எழுந்தபோது ஒரு உயிர்ச்சேதமும் இல்லை. உலகத்தில் நடந்த யுத்தங்களிலேயே புத்தியுள்ளது இதுதான் என்றாள் மனைவி. பிறகு மந்திரிக்கு ஒரு விதி: வெட்ட வழி இருந்தால் வெட்டியே தீர வேண்டும். மைத்துனர் ஒரு சிப்பாயைக் காட்டிக் காட்டி மாப்பிள்ளையின் மந்திரியைப் பலகை முழுக்க நடத்திக் கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றில் தள்ளுவது போலத் தள்ளினார்.

கடையிலும் இதே நினைவுதான். ஒரு வக்கீலின் கோட்டு கைக்கு வந்தபோது, யோசனை தடைப்படக் கூடாது என்று அதன் உள்துணியிலேயே மெழுகு சாக்கால் கட்டம் போட்டுக் காய்களைக் குறித்துப் பார்த்தார். துடைக்க மறந்து இஸ்திரியும் போட்டார். வழவழப்பான துணியில் மெழுகு உருகி, கறையாகப் பதிந்துவிட்டது. வக்கீல் இரண்டு நாள் கழித்துக் குனிந்து உள்ளே வந்தார். அரையங்குலம் உள்துணியை மாற்றித் தருவதாகச் சொல்லிக் கையைப் பிசைந்தார். வக்கீல் அதைக் காதில் வாங்கவில்லை. கோட்டைத் திருப்பிப் பிடித்து, இதில் கறுப்புக்குத் தப்பிக்க வழி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், வழக்குகளும் பெரும்பாலும் அப்படித்தான் என்று சொல்லி, கோட்டை அப்படியே போட்டுக்கொண்டு போனார்.

விதி எப்படி மாறினாலும் முடிவு மட்டும் மாறவில்லை. ஆனால் மைத்துனர் வந்துகொண்டிருந்தார். தங்கை வீட்டுச் சோற்றைவிட மாப்பிள்ளையின் அடுத்த கோணங்கித்தனத்தைப் பார்க்கும் ஆசைதான் அவரை இழுத்தது. அந்த ஆசைக்கும் ஆயுள் குறைவு. மந்திரியைக் கிணற்றில் தள்ளிய அன்று சொன்னார்:

“சட்டையைச் சின்னதாக்கினா உடம்பு சின்னதாகாது மாப்பிள்ளை. அடுத்த ஞாயிறு வர்றேன். அதுதான் கடைசி. அதுக்கப்புறம் என்னை விட்டுடுங்க.”

கடைசி ஞாயிறு என்றதும், டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த மனைவியின் கை ஒரு கணம் நின்றது. அரையங்குலம் அதைப் பார்த்தார்.

அந்த வாரம் அவர் காய்களைப் பற்றி யோசிக்கவில்லை. மைத்துனரைப் பற்றி யோசித்தார். வாடிக்கையாளரை நிற்கவைத்துச் சுற்றி வருவது போல மனத்துக்குள் அவரைச் சுற்றி வந்தார். மனிதருக்கு எங்கே தொளதொளவென்று இருக்கிறது, எங்கே இறுக்கம்? பலம் முழுக்க நீளப் பார்வையில் இருக்கிறது என்று பிடிபட்டது. பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும் காய்களை அவர் ரயில் போலப் பார்க்கிறார். தண்டவாளத்தை வெட்டிவிட்டால் அவரும் நம்மைப் போல நடந்துதான் வர வேண்டும். வழி திறந்திருக்கும் வரை நேர்க்கோட்டில் ஓடுகிற யானை, இனி மூன்று கட்டத்துக்கு மேல் போகக் கூடாது. ராணிக்கும் மந்திரிக்கும் இரண்டு. மற்றது எல்லாம் பழையபடி. குறைத்த காய்களின் கழுத்தில் அடையாளமாகச் சிவப்பு நூல் கட்டச் சொல்லி மனைவியிடம் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிச்சுப் போட்டாள்.

ஞாயிறு வந்தது. வழக்கம்போல மைத்துனர் ஜன்னலோர நாற்காலியில் கறுப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழக்கமாக அவர் ஆடும்போது பேசிக்கொண்டே இருப்பார். அன்று பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. ராணியைத் தொலைதூரம் அனுப்பக் கை நீட்டி, நூலைப் பார்த்து, கையை இழுத்துக்கொண்டார். இது இரண்டு முறை நடந்தது. கொண்டுவைத்த டீயில் ஆடை படிந்தது. அவர் காதைச் சொறிந்துகொண்டு பலகையைப் பார்த்த பார்வை, பல வருஷமாக அந்த வீட்டில் யாரும் பார்த்திராதது. அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் கை தேர்ந்த ஆள். நடந்தே வந்தாலும் முன்னால் வந்துவிட்டார். ஒரு குதிரையும் இரண்டு சிப்பாய்களும் அவருக்குக் கூடுதல். இன்னும் சில நகர்த்தல்களில் கதை முடிந்திருக்கும். அவருடைய ராஜா மூலைப் பக்கம், மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. வெள்ளையின் யானை இந்தப் பக்கத்து அடிக்கோட்டில். அதற்கு முன்னால் ஒரு வரிசை முழுக்கக் காலியாக, அந்தக் கோடி வரை திறந்து கிடந்தது.

சதுரங்கம் ஆடுகிற யாருக்கும் இது தெரியும். முதல் மாதத்தில் கற்றுக்கொள்வது. யானை ஒரே ஓட்டமாக எதிர்க்கோடிக்குப் போகிறது, ராஜாவுக்கு முன்னால் சொந்தச் சிப்பாய்களே சுவர், தப்ப வழியில்லை. அரையங்குலம் இப்படி எத்தனை தடவை தோற்றிருக்கிறார் என்பதற்குக் கணக்கில்லை. அவர் யோசிக்கவே இல்லை. கை போனது. யானை அடிக்கோட்டிலிருந்து உச்சிக்கோட்டுக்குப் போய் உட்கார்ந்தது.

“செக்,” என்றார். சொன்ன பிறகு அவருக்கே பயமாக இருந்தது.

மைத்துனர் பலகையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மறுபடி பலகை. பிறகு ராஜாவை ஒரு விரலால் மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். “தங்கச்சி, இங்க வா. உன் புருஷன் என்னைக் கவுத்துட்டான்” என்று உள்ளே குரல் கொடுத்தார். மனைவி ஏற்கெனவே வாசற்படியில் நின்றிருந்தாள். மைத்துனர் தன்னுடன் வேலை பார்த்த இரண்டு பேருக்கு அங்கிருந்தே போன் செய்து தான் தோற்ற செய்தியை, வீட்டில் குழந்தை பிறந்தது போல அறிவித்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்றார். அடுத்த ஞாயிறு பழிக்குப் பழி என்றார். பஸ்ஸுக்குப் போகிறபோது செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் கடையில் மனைவி உட்கார்ந்து பழைய தையல்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு போலீஸ்காரரின் பேன்ட்டுக்குக் கீழ்மடிப்பு ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

“யானை எத்தனை கட்டம் போகும்னு வெச்சீங்க?”

“மூணு.”

“நேத்து அது எங்கேருந்து எங்க போச்சு?”

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கால் நின்றபோது, போலீஸ்காரரின் பேன்ட் கால் வாய் முழுக்க மூடித் தைக்கப்பட்டிருந்தது.

“ஏழு,” என்றார். “பாத்தியா நீ?”

“பாத்தேன். அண்ணன் மொகத்தையும் பாத்தேன். அதான் சும்மா இருந்தேன்.” நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். “வாயைத் திறக்காதீங்க. சொன்னீங்கன்னா, அப்ப நீங்க ஜெயிக்கவே இல்லைன்னு ஆயிடும். மறுபடி ரெண்டு பஸ்ஸு, முடிவு தெரிஞ்ச கதைன்னு ஆரம்பிப்பாரு.”

“அது ஜெயிப்பு இல்லையேம்மா.”

“நான் எப்ப ஜெயிப்பைக் கேட்டேன்? ஞாயித்துக்கிழமையைக் கேட்டேன்.”

அவர் தைத்ததைப் பிரிக்கத் தொடங்கினார்.

இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் தானே செய்த விதியை மறந்து, இன்னொருவர் அதற்குத் தலை வணங்கி, இல்லாத தோல்வியை உண்டாக்கியிருக்கிறார்கள். வேடிக்கைதான். ஆனால் அரையங்குலத்துக்கு அதற்கு மேல் ஒன்று உறுத்தியது. வண்டி எத்தனை மணிக்கு எந்தத் தண்டவாளத்தில் இருக்கும் என்று ஆயுள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர், மூன்று கட்ட யானை ஏழு கட்டம் போனதைப் பார்க்காமலா இருந்திருப்பார்? பார்க்காமல் இருந்தால், இவர் செய்தது திருட்டு. பார்த்துவிட்டுத்தான் ராஜாவைச் சாய்த்தார் என்றால், இவருக்குக் கிடைத்தது பிச்சை. இரண்டில் எது என்று அவரால் முடிவு கட்ட முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் கௌரவமான மூன்றாவது ஒன்று இருக்கிறதா என்று தேடினார். கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை மைத்துனர் போன் செய்தார். வீட்டில் பலகையைப் போட்டு மூன்று நாளாக அந்த நிலையைப் பார்க்கிறாராம்.

“தப்பு எம்மேலதான் மாப்பிள்ளை. ராஜாவுக்கு மூச்சு விட ஒரு ஜன்னல் வெச்சிருக்கணும். ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தா உங்க யானை என்ன பண்ணியிருக்கும்?”

மூன்று நாள் பார்த்தும் யானை அங்கே வந்து சேர்ந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டுப் பலகையில் நூல் கட்டியிருக்காது, அதனால் தோன்றவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வேண்டுமென்றே அந்தப் பக்கம் போகாமல் பேசுகிறார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். போனைப் பிடித்தபடி அரையங்குலம், ஆமாம் மச்சான், ஆமாம் மச்சான் என்று மட்டும் சொன்னார். எதிரே மனைவி உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை கடையை மூடும்போது அவள் மறுபடி கேட்டாள், சொல்லப் போகிறீர்களா என்று. சொல்ல மாட்டேன் என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அவள் நிம்மதியாக இருந்தாள்.

ஞாயிறு மைத்துனர் வழக்கத்தைவிட ஒரு பஸ் முன்னதாகவே வந்துவிட்டார். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். செருப்பைக் கழற்றிக்கொண்டே, இன்றைக்கு என்ன புது விதி, யாருக்கு முழங்கால் வலி என்று சத்தமாகக் கேட்டபடி முன்னறைக்குள் வந்தவர், ஜன்னலருகே வந்ததும் நின்றார்.

பலகையில் ஆட்டம் புதிதாக அடுக்கப்பட்டிருக்கவில்லை. போன வாரம் செக் என்று சொல்வதற்கு முந்தைய கணம் எப்படி இருந்ததோ, அப்படியே காய்கள் நின்றன. கறுப்பின் ராஜா மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால். வெள்ளையின் யானை அடிக்கோட்டில், கழுத்தில் நூலோடு. எதிரே காலியான வரிசை. ஜன்னலோர நாற்காலியில் அரையங்குலம் உட்கார்ந்திருந்தார். வெள்ளையின் பின்னால் இருந்த நாற்காலி மைத்துனருக்காக இழுத்துப் போடப்பட்டிருந்தது.

கறுப்பு அங்கே ஜெயிக்கிற பக்கம் என்பது மூவருக்கும் தெரியும். மைத்துனர் பழப் பையைத் தரையில் வைத்தார்.

“இடம் மாறி உக்காந்திருக்கீங்க?”

மனைவி வாசற்படிக்கு வந்து, பலகையைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள். மைத்துனர் நாற்காலியில் உட்கார்ந்தார். யானையின் தலையில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் எதிரே இருந்த மனிதரின் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

அன்று அரையங்குலம் என்ன நோக்கத்தில் அப்படிச் செய்தார் என்று அண்ணனும் தங்கையும் பிற்காலத்தில் பல தடவை கேட்டுப் பார்த்தார்கள். சட்டப்படியே ஒரு தடவை ஜெயித்துவிடலாம் என்ற கள்ளத்தனம் என்பாள் மனைவி. தன்னைச் சோதித்துப் பார்த்தார் என்பார் மைத்துனர். செய்ததை ஒப்புக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான் என்று, ஆரஞ்சுத் தோலை உரித்தபடி, மைத்துனரே வேறொரு ஞாயிறு வேறு விதமாகவும் சொன்னார். அரையங்குலம் எதையும் ஆமாம் என்றதில்லை, இல்லை என்றதுமில்லை.

அப்போது அவர் செய்தது இவ்வளவுதான். தன் பக்கத்துக் கறுப்புக் காய்களை ஒரு முறை பார்த்துக்கொண்டார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“வெள்ளை ஆடணும், மச்சான்,” என்றார்.